செல்விக்கு நான் சொன்ன நன்றி

பெர்கன் நகரத்தில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் திங்கட்கிழமை காலை ஒரு வேடிக்கை நடக்கும். சனிக்கிழமை யாராவது யார் வீட்டுக்காவது விருந்துக்குப் போயிருந்தால், மறுபடி கண்ணில் பட்டதும் முதல் வேலையாக 'தக் ஃபோர் சிஸ்ட்' என்பார்கள். போன தடவைக்கு நன்றி என்று பொருள். சாப்பிட்டு எழுந்ததுமே சாப்பாட்டுக்கு நன்றி சொல்லியாகிவிட்டது. வாசலில் பூட்ஸை மாட்டும்போது மாலைப்பொழுதுக்கும் சொல்லியாகிவிட்டது. இரண்டு நாள் தூங்கி எழுந்து வந்து இன்னும் ஒன்று! அடேயப்பா, இந்த ஜனங்களுக்கு எங்கிருந்துதான் இவ்வளவு நன்றி ஊறுகிறதோ என்று நார்வேக்கு வந்த புதிதில் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். நான் வலங்கைமான் பக்கத்துக் கிராமத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு வந்தவள். எங்கள் பக்கம் நன்றி என்பது மைக்கில் கேட்கிற சொல். ஊர் எல்லை போர்டில் 'மீண்டும் வருக'வுக்கு மேலே எழுதியிருக்கும். பெற்ற தாய்க்கு யாராவது நன்றி சொன்னால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

அப்படிப்பட்ட நான் முதல் வருடம் இங்கர் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். இங்கர் என்னோடு வேலை பார்ப்பவள், நல்ல மனுஷி. மீனும் உருளைக்கிழங்கும் சமைத்திருந்தாள். மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நம் ஊர் வழக்கப்படி சமைத்தவளுக்கு அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. ஆனால் திங்கட்கிழமை இங்கரின் முகம் உர்ரென்று இருந்தது. செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை காப்பி குடிக்கும்போது கேட்டேவிட்டாள்: "என் சாப்பாடு உனக்குப் பிடிக்கவில்லை, இல்லையா?" "மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேனே!" என்றேன். "ஆமாம், பாவம், அந்தப் பெண் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையா என்று என் கணவர்கூடக் கேட்டார்" என்றாள். அட கஷ்டமே! மூன்று நாளாக அவள் என் வாயிலிருந்து ஒரு சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அன்று முதல் வீம்பாகப் பழகினேன். பஸ் டிரைவருக்கு, கதவைப் பிடித்து நிற்பவருக்கு, மருந்தை முழுங்கிவிட்ட கிழவருக்கு என்று எல்லாருக்கும் நன்றி. பதினான்கு வருடத்தில் அது எனக்கு இருமல் மாதிரி தானாக வர ஆரம்பித்தது.

அங்கிருந்தபடி நான் எழுதிய கட்டுரைகள் சின்னப் புத்தகமாக வந்தன. போன தை மாதம் லீவில் ஊருக்கு வந்திருந்தேன். எங்கு பார்த்தாலும் அறுவடை மெஷின், ரோட்டோரமெல்லாம் காயப்போட்ட நெல். தஞ்சாவூரில் சில வாசகர்கள் சேர்ந்து, எழுதுகிறவர்கள் மூன்று பேரை உட்காரவைத்து ஒரு மாலைக் கூட்டம் போட்டார்கள். கதை சொல்வது, குடும்பம், நட்பு, இதுதான் பேச்சு. அதைக் கேட்க செல்வியைக் கூப்பிட்டிருந்தேன்.

செல்வியும் நானும் ஒரே தெரு, ஒரே வகுப்பு. இரண்டு வீட்டிலும் கூலி வேலைதான். பள்ளிக்கூடம் லீவு என்றால் அம்மாக்களோடு நாங்களும் களை பறிக்கப் போவோம். செல்வி கொட்டகையில் பார்த்த சினிமாவை, வரிசையில் குனிந்தபடியே முதல் சீனிலிருந்து சொல்வாள். வில்லன் வந்தால் குரலை இறக்குவாள். பத்துப் பெண்களின் கையும் நின்றுவிடும். "காது கேக்கட்டும்டி, கை என்னா பண்ணுது?" என்று அம்மா அதட்டும். கதை சொல்கிறவளுக்கு வேலை ஓடுமா? அவள் பங்குக் களையையும் நான்தான் பறிப்பேன். ஒரு படத்தில் கதாநாயகி பிழைத்துக்கொண்டாள் என்று சொல்லியிருந்தாள். பல வருடம் கழித்து நர்சிங் ஹாஸ்டல் டிவியில் அதே படத்தைப் பார்க்கிறேன், கதாநாயகி செத்துப்போகிறாள். பக்கத்தில் இருந்தவர்கள் நான் படத்துக்கு அழுகிறேன் என்று நினைத்தார்கள். நான், அவளைச் சாகவிடாத செல்வியை நினைத்து அழுதேன்.

கூட்டத்தில் என்னோடு மேடையில் இருந்தவர்களில் ஒருவர் பட்டுக்கோட்டைக்காரர், தேங்காய் வியாபாரம் செய்துகொண்டே நாவல் எழுதுகிறவர். "எங்க அண்ணன் என் புத்தகத்தப் படிக்கவே இல்லிங்க. ஆனா படிச்ச மாதிரியே கோவிச்சுக்கிட்டு ஆறு வருஷமா பேசுறதில்ல" என்றார். அரங்கம் சிரித்தது. இன்னொருவர் கல்லூரியில் பாடம் எடுக்கும் இளம்பெண். "குடும்பத்தப் பத்தி எழுதினா சண்டைதான் சார். சினேகிதங்களப் பத்தி எழுதுங்க, சந்தோஷப்படுவாங்க" என்றார். நான் பலமாகத் தலையாட்டினேன். கதை சொல்ல யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கூட்டத்தில் ஒருவர் என்னைக் கேட்டார். எழுந்து நின்றேன். "என் தோழி செல்வராணி அவர்களிடம். அவர் மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார். அவருக்கு என் மனமார்ந்த நன்றி" என்று சொல்லி, களை பறித்த கதையையும் சொல்லி, அவளை மேடைக்கு வரவழைத்து எனக்குப் போட்ட பொன்னாடையை அவளுக்குப் போர்த்தினேன். ஒரே கைதட்டல். அவள் தோள் மட்டும் பலகை மாதிரி விறைத்து நின்றது. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். கூட்டம் முடிந்து பார்த்தால் நாற்காலியில் பொன்னாடை மடித்து வைத்திருந்தது, ஆளைக் காணவில்லை. போன் போட்டேன். எடுக்கவில்லை. சிறுபிள்ளையிலிருந்து என்னிடம் ஒரு நாள்கூட முகம் திருப்பாதவள்.

மறுநாள் காலை அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். "வாங்க" என்றாள். ஏன்டி வந்த என்று கேட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கடையில் விற்கிற தண்ணீர் பாட்டிலையும், தட்டில் நாலு பிஸ்கட்டையும் கொண்டுவந்து வைத்தாள். தாலுகா ஆபீஸிலிருந்து ஆள் வந்தால் இப்படித்தான் செய்வாள்.

"என்ன தப்புப் பண்ணிட்டேன், சொல்லிடு செல்வி" என்றேன்.

பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "பஸ்ல எடம் குடுத்தவளுக்குச் சொல்ற மாதிரி சொல்லிட்டியே மங்கை."

"மரியாதையாத்தானேடி சொன்னேன்?"

"அதத்தான் சொல்றேன். எனக்கு எதுக்கு உன் மரியாத? நான் பாட்டுக்குக் கத சொன்னேன், நீ என் களையையும் சேத்துப் பறிச்ச. ஒரு நாளாச்சும் உனக்கு நன்றின்னு சொன்னனா? சொல்லியிருந்தா நீ சும்மா விட்டிருப்பியா? அத்தன பேரும் கை தட்டுறாங்க. எனக்கு என்னமோ நீ என்னய விட்டுட்டு எங்கயோ கெளம்பிப் போற மாதிரி இருந்துச்சு. நார்வேக்கு ஏறினப்பகூட எனக்கு அப்புடி இல்ல."

இங்கரின் கதையைச் சொன்னேன். திங்கட்கிழமை நன்றியையும் சொன்னேன். செல்விக்குக் கதை என்றால் கோபம்கூடக் கொஞ்சம் தள்ளி நிற்கும். "அந்தம்மா மூணு நாளும் காத்துக்கிட்டே இருந்துச்சா? பாவம்" என்றாள். "எல்லாத்துக்கும் நன்றி சொல்லிட்டா, அவுங்க நெஞ்சுல என்னத்த வச்சுக்குவாங்க?" என்று உண்மையாகவே கேட்டாள். அவர்களுக்கும் நெஞ்சில் நிறைய இருக்கிறது, இங்கரை எனக்குத் தெரியும். ஆனால் அதைச் செல்விக்குப் புரிகிற மாதிரி சொல்ல அப்போது வாய் வரவில்லை. மன்னித்துக்கொள் என்பதுதான் நாக்கு நுனி வரை வந்தது. அதுவும் மைக்கில் பேசுகிற சொல்தான் என்று முழுங்கிவிட்டேன். சின்ன வயதில் இவள் வீட்டுச் சோற்றுப்பானையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் என் வீட்டுக்கே போவேன்.

"பசிக்குதுடி. என்ன கொழம்பு?" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். "கருவாட்டுக் கொழம்பு. கொதிச்சுக்கிட்டுக் கெடக்கு, இன்னும் உப்புப் போடல. சும்மாதான உக்காந்திருக்க, போயிப் போடு போ" என்றாள். எனக்கு உயிரே திரும்பி வந்தது.

அடுப்படிக்குள் ஓடினேன். என் கை யோசிக்காமல் அடுப்புக்கு இடது பக்கம் மேலே போனது. அங்கே வெறும் டைல்ஸ் சுவர். பெர்கன் வீட்டில்தான் அந்த இடத்தில் உப்பு இருக்கும். செல்வி இந்தப் புது வீட்டைக் கட்டி ஐந்து வருடம் ஆகிறது. லீவில் வரும்போதெல்லாம் அவள்தான் என்னைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வருவாள். இந்த அடுப்படிக்குள் நான் நுழைவது இதுதான் முதல் தடவை. எதிர் அலமாரியில் ஒரே மாதிரியாகப் பதினைந்து இருபது டப்பாக்கள் வரிசையாக நின்றன.

"என்னடி பண்ற, போட்டுட்டியா?" என்று முன்னறையிலிருந்து செல்வி சத்தம் போட்டாள்.

"போட்டுக்கிட்டே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, சத்தம் வராமல் முதல் டப்பாவின் மூடியைத் திறந்தேன்.