அமாவாசைக்கு மாத்திரை இல்லை

என் அண்ணன் உத்திரமேரூரில் பட்டுத்தறி நெய்தார். அவருக்குக் காக்காவலிப்பு இருந்தது. தெருவில் எல்லோருக்கும் அது தெரியும். பெண் கொடுத்தவர்களுக்கு மட்டும் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அதைப் பற்றி அண்ணி ஒரே ஒரு முறை என்னிடம் பேசினார்.

"சொல்லியிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன்? சீர் சாமானோட ஒரு இரும்புச் சாவியும் எடுத்துக்கினு வந்திருப்பேன்" என்றார். வலிப்பு வந்தவர் கையில் சாவியைத் திணிப்பதுதான் எங்கள் தெருவின் வைத்தியம்.

குழித்தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு வலிப்பு வந்தால் விழுவதற்கு இடமில்லை. கால்கள் குழிக்குள் மிதிகட்டைமேல் இருக்கும். உடம்பு முன்பக்கம் சரிந்து, இழுத்துக் கட்டிய பாவு இழைகளின்மேல் விழும். பட்டும் சரிகையும் காஞ்சிபுரத்து முதலாளியுடையவை. நெய்கிற கூலி மட்டுமே அண்ணனுடையது. இரண்டு தடவை இழைகள் கொத்தாக அறுந்தன. அடுத்த தடவை முதலாளி நேரில் வந்தார்.

"இன்னொரு தபா இப்படி ஆச்சுனா பாவ எறக்கிடுவேன். எனக்கு வேற வயி இல்லப்பா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே நாங்கள் அதை நம்பினோம். தறி போனால் அந்த வீட்டில் வேறு வரும்படி கிடையாது. வலிப்புக்காரரை வயல்வேலைக்கும் யாரும் கூப்பிடமாட்டார்கள்.

நான் அப்போது காஞ்சிபுரத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாளிதழுக்கு வட்டாரச் செய்திகளும் அனுப்பிவந்தேன். அந்தப் பழக்கத்தில் ஒரு டாக்டரைத் தெரியும். அண்ணனை அவரிடம் அழைத்துப்போனேன். அவர் சீமைக் கம்பெனி மாத்திரை ஒன்றை எழுதினார். படுக்கப் போகும்போது ஒன்று போடவேண்டும். பழுப்புச் சீசாவில் வந்தது. ஒவ்வொரு மாத்திரையின் முகத்திலும் கம்பெனியின் எழுத்து பொறித்திருந்தது.

வலிப்பு நின்றுபோனது. அண்ணன் சில மாதங்கள் தொடர்ந்து நெய்தார். முதலாளி முகூர்த்தச் சேலைக்கான கனமான சரிகைப் பாவைக்கூட அவருக்குக் கொடுத்தார்.

ஆனால் ஒரு சேலைக் கூலியில் மூன்றில் ஒரு பங்கை அந்தச் சீசா தின்றது. அண்ணி முதலில் காபியை நிறுத்தினார். பிறகு இரவுச் சோறு கூழாக மாறியது. அவருடைய மூக்குத்தி அடகுக்குப் போயிற்று. அதற்கு மேல் அந்த வீட்டில் நிறுத்துவதற்கு மாத்திரையைத் தவிர எதுவும் இல்லை.

தறிக்காரர்களுக்கு வார விடுமுறை கிடையாது. அமாவாசையன்று தறி நிற்கும். மறுநாள், பாட்டிமை என்று நாங்கள் சொல்லும் பிரதமையில், யாரும் வேலை தொடங்கமாட்டார்கள். அதற்கடுத்த நாள்தான் மறுபடி நாடா ஓடும். ஒரு நாள் நான் சீசா கொண்டுபோயிருந்தபோது அண்ணி கேட்டார்.

"தம்பி, இந்த மாத்திர இன்னாத்துக்கு?"

"வலிப்பு வராம இருக்கத்தான் அண்ணி."

"தறில வராம இருக்க. அமாவாசையும் பாட்டிமையும் தறியே நிக்குது. உங்க அண்ணன் பாயில படுத்துக்கினு கீறாரு. அன்னிக்கு வந்தாலும் பாயிலதானே வரும்? அதுக்கு எதுக்கு இம்மாம் வெலைல மாத்திர?"

அண்ணனும் ஒத்துக்கொண்டார். "இத்தப் போட்டா தலைமேல ஈரச் சாக்கு போட்டாப்புல கீதுடா. மாசத்துல ரெண்டு நாளு மனுசனா இருந்துட்டுப் போறேன்."

"மனுசனா இருந்து இன்னா பண்ணப் போறீங்கோ? சீட்டாடத்தானே?"

"சீட்டாடறவனும் மனுசன்தாண்டி."

அண்ணி சிரித்துவிட்டார். எனக்கும் அந்த யோசனையில் தவறு எதுவும் தெரியவில்லை. தலைவலித் தைலத்தைத் தலை வலிக்கிற நாளில்தான் தடவுகிறோம். மாத்திரையும் அன்றைய வேலைக்கு அன்று போடுவது என்றே எங்கள் மூவருக்கும் எண்ணம்.

பிறகு வலிப்பு திரும்ப வந்தது. ஒரு மாதம் பாட்டிமை இரவு வந்தது, இன்னொரு மாதம் அதற்கு மறுநாள், தறியில் உட்காருமுன். சில மாதங்களில் வரவே இல்லை. எப்போது வந்தாலும் அமாவாசையை ஒட்டியே வந்தது. எதிர்வீட்டு அம்மாளுக்கு அதில் சந்தேகமே இல்லை. "நான் அப்பவே சொல்லல? அமாவாசை இயுக்குது. அதுக்கு இங்கிலீஸ் மாத்திர கேக்குமா?" என்றார். அண்ணியும் அதையே நம்பினார். மற்ற நாட்களில் மாத்திரை காக்கிறது, அமாவாசையோடு மோத அதனாலும் முடியாது என்று வைத்துக்கொண்டார். ஆகவே அந்த நாட்களில் மாத்திரையை வீணாக்காமல் இருப்பது இன்னும் சரியாகத் தோன்றியது.

மருந்துக்கடைக்காரர் ஒரு நாள், நான் காசை எண்ணும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பம்பாய் கம்பெனி ஒண்ணு வந்து கீது சார். உள்ள சரக்கு அதேதான். பாதி வெலை."

வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அதில் எழுத்துப் பொறிப்பு இல்லை. வெறும் வெள்ளை மாத்திரை. பாட்டிமை கழிந்து தறி தொடங்கும் நாளுக்கென்று அண்ணி புதுச் சீசாவை எடுத்து வைத்தார். அன்று இரவு அண்ணன் அதிலிருந்து முதல் மாத்திரையைப் போட்டார். மறுநாள் மதியம், இரண்டு நாள் சும்மா கிடந்த உடம்பு தறியிலேயே வெட்டி இழுத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டதில் முந்தானைச் சரிகைமேல் ரத்தம் விழுந்தது. முதலாளி அந்தச் சேலைக்குக் கூலி தரவில்லை. பாவை இறக்கவும் இல்லை. அவர் செய்த தயவு அதுதான்.

நான் போய்ச் சேர்வதற்குள் அண்ணி பம்பாய் மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டியிருந்தார். "எயுத்துகூடப் போடாத மாத்திர. எவனோ சுண்ணாம்ப உருட்டி வித்துக் கீறான். நீ படிச்சவன், நீயும் வாங்கிக்கினு வந்து கீறே" என்றார்.

அதன்பிறகு சீமை மாத்திரை மட்டுமே. கூலி கிடைக்காத மாதத்தின் கடனையும் அடைக்கவேண்டியிருந்ததால் இன்னொரு நாளும் குறைந்தது. அமாவாசைக்கு முந்தின நாள், நெய்து முடித்த சேலையை எடுத்துக்கொண்டு அண்ணன் காஞ்சிபுரம் போகும் நாள்; தறியில் உட்காருவதில்லை. அன்றைக்கும் மாத்திரை இல்லை என்று ஆயிற்று.

ஐப்பசி மாதம். ஏரியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பாட்டிமைக் காலையில் அண்ணன் துண்டை எடுத்துக்கொண்டு மதகுப் பக்கம் குளிக்கப் போனார். எருமை ஓட்டிவந்த ஒருவர்தான் பார்த்தார். தொடையளவுத் தண்ணீரில் அண்ணன் முகம் கவிழ்ந்து கிடந்தார். துண்டு மடித்தபடி கல்மேல் இருந்தது. இப்படிப்பட்ட சாவுகளை நான் நான்கு வரியில் எழுதி அனுப்பியிருக்கிறேன். 'குளிக்கச் சென்றவர் கால் தவறி' என்று அவை தொடங்கும். அண்ணனுக்குக் கால் தவறவில்லை. கைமுட்டியும் தாடையும் இறுகியிருந்தன.

"டாக்டரைக் கேட்டுக்கினு வா. அம்மாம் மாத்திர துன்னும் ஏன் வந்துச்சுனு கேளு" என்று அண்ணி சொன்னார். போனேன். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். எந்தெந்த நாளில் மாத்திரை போடவில்லை, எந்த நாளில் வலிப்பு வந்தது என்று மட்டும் இரண்டு முறை கேட்டார்.

"அமாவாசைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. இந்த மருந்தை நடுவில் நிறுத்தினால் நிறுத்தியதே வலிப்பைக் கொண்டுவரும். முன்னைவிடப் பலமாக வரும்" என்றார். பம்பாய் மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். "அதுவும் இதே மருந்துதான். எனக்குப் பழகின பேரை எழுதினேன். விலை கட்டாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதையே எழுதியிருப்பேனே." வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். நான் எழுந்துகொண்டேன்.

அண்ணி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அதைச் சொன்னேன். முதலாளியின் ஆட்கள் வந்து பாவை இறக்கிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். தறி வெறும் மரமாக நின்றது.

"பம்பாய் மாத்திரயும் அதேதானா?" என்றார்.

"அதேதான்."

"அத்த நான் சாக்கடைல கொட்டினேன்."

அவர் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

கருமாதி முடிந்த பிறகு மானாம்பதிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். கூலிக்கு நடவும் அறுப்பும் செய்பவர். அவருடைய மகளுக்கும் வலிப்பு. சீசாவில் மாத்திரை மிச்சம் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாசலிலேயே நின்றார்.

"நடவுக்குப் போவுது யம்மா. சேத்துத் தண்ணில நிக்கிற பொண்ணு. எப்ப வியுந்துடுவாளோனு நெஞ்சு அடிச்சிக்கினே கீது."

அண்ணி உள்ளே போய்ச் சீசாவை எடுத்துவந்து அவர் கையில் வைத்தார். "ஒரு நாளும் வுடாத. அமாவாசைக்கும் குடு. பாட்டிமைக்கும் குடு. இன்னா, காதுல வியுந்துதா?"

"சரிம்மா. இது தீந்துட்டா?"

"காஞ்சிபுரத்துல கடைல கேளு. பம்பாய் கம்பெனினு கேளு. பாதி வெலைதான்."

"பாதினா எம்மாம்?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் விலையைச் சொன்னேன். அந்தப் பெண் கூலியை நெல்லாக வாங்குபவர். சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்.

"அப்போ நடவு நாளுக்கு மட்டும் குடுக்கட்டா யம்மா? மத்த நாள்ல அவ வூட்லதானே கீறா."

அண்ணி அவர் கையிலிருந்து சீசாவைப் பிடுங்கிக்கொண்டார். பிறகு அதைத் தரவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல், நானும் அந்தப் பெண்ணும் பார்த்துக்கொண்டிருக்க, வாசற்படியிலேயே நின்றார்.