ரெண்டு டைமண்டும் என் கல்யாணமும்

இன்னிக்குக் காலைல காபி டம்ளரை நீட்டிண்டே ஆத்துக்காரர்கிட்ட அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டேன்!

(கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேக்கறேன். மனுஷன் வாயைத் திறக்கறதில்ல.)

கதை நடந்தது எழுபதுகள்ல, எங்க மயிலாப்பூர் ஆத்துல. என்னைப் பொண்ணு பாக்க இவரும் இவர் அப்பாவும் அடையார்லேர்ந்து வந்திருந்தா.

பஜ்ஜி சொஜ்ஜி வந்தது. அடுத்தது பாடச் சொல்லுவான்னு எந்தப் பாட்டுன்னு யோசிச்சுண்டிருந்தேன்.

அதுக்குள்ள ரெண்டு அப்பாக்களும் பிரிட்ஜ் சீட்டாட்டப் பைத்தியம்னு தெரிஞ்சு போச்சு! "ஒரு ஆட்டம் போடலாமா ஓய்?"

நாலு பேர் வேணுமே? அப்பாக்கள் ஒரு ஜோடி. நானும் மாப்பிள்ளைப் பையனும் எதிர் ஜோடி! (அம்மா தலைல கை வெச்சுண்டா.)

பிரிட்ஜ்ல சீட்டைப் பாத்துட்டு முதல்ல ஏலம் கேக்கணும். "ரெண்டு டைமண்ட்"னா, கைல டைமண்ட் நிறைய இருக்குன்னு ஊருக்கே அர்த்தம்.

எனக்கு மட்டும் வேற. புஸ்தகத்துல படிச்ச புது முறை!

"நான் ரெண்டு டைமண்ட்னு ஆரம்பிச்சா டைமண்ட் இல்லேன்னு அர்த்தம். ஹார்ட்ஸ் அஞ்சு, ஸ்பேட்ஸ் நாலு இருக்கும். நீங்க அதுல ஒண்ணுக்கு மாத்திடணும். புரிஞ்சுதா?"

"ம்ம்." (வாயில மூணாவது பஜ்ஜி.)

எதிராளிகிட்டயும் சொல்லிடணும், அது சட்டம். சொன்னேன்.

அவர் அப்பா விழுந்து விழுந்து சிரிச்சார். "இல்லாததை இருக்குன்னு சொல்றதா? நாங்க அதை ஜாதகத்துலதான் பண்ணுவோம்!"

அப்பவே மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். நான் சொன்னதை இந்த மனுஷன் காதுல வாங்கிண்டிருந்தா, கல்யாணத்துக்குச் சரி. வாங்கலேன்னா, மாட்டேன். காலம் பூரா செவுத்தோட பேச என்னால ஆகாது.

மூணாவது ஆட்டத்துல வந்துதே அந்தக் கை! "ரெண்டு டைமண்ட்"னேன்.

அப்பா பாஸ், மேல ஏலம் கேக்கலேன்னுட்டார்.

இவர் சீட்டைப் பாத்தார். விட்டத்தைப் பாத்தார். "பாஸ்"னார்.

அவர் அப்பாவும் அவசர அவசரமா பாஸ். ஏலம் முடிஞ்சு என் ரெண்டு டைமண்டே நிலைச்சுடுத்து. வாயெல்லாம் பல்!

என்கிட்ட டைமண்ட் ஒண்ணே ஒண்ணு. அதுவும் பிசாத்து மூணாம் நம்பர் சீட்டு. டைமண்டைத் துருப்பா வெச்சுண்டு பதிமூணு ட்ரிக்ல, அதாவது சுத்துல, எட்டு எடுக்கணும். (ரெண்டுன்னு கேட்டா ஆறுக்கு மேல ரெண்டு.) மானமும் போச்சு, இந்த வரனும் போச்சுன்னு நெனச்சேன். அழுகையே வந்துடுத்து.

ஏலம் எடுத்தவளோட ஜோடி சீட்டைக் காட்டணுமே, இவர் நிதானமா மேஜைல விரிச்சார்.

டைமண்ட் ஏழு! மத்ததெல்லாம் குப்பை. அந்தக் கைக்கு பாஸை விட்டா வேற வழியே கிடையாது! எட்டு ட்ரிக்கையும் சுளையா எடுத்தேன்.

ஆனா பாருங்கோ, நான் சொன்னதை ஞாபகம் வெச்சுண்டு யோசிச்சு பாஸ் சொன்னாரா? இல்ல சுத்தமா மறந்துட்டு, அவளுக்கும் டைமண்ட், எனக்கும் டைமண்ட்னு நெனச்சுண்டு சொன்னாரா? ரெண்டுலயும் பாஸ்தானே வரும்!

கிளம்பும்போது வாசல்ல கேட்டே கேட்டுட்டேன்.

"உங்களுக்கு எப்படித் தோண்றது?"ன்னு சிரிச்சுண்டே செருப்பை மாட்டிண்டு போயிட்டார்.

பதில் தெரிஞ்சாகணும்னே சரின்னு சொல்லிட்டேன்! (சிரிக்காதேங்கோ. சொஜ்ஜி நன்னா இருந்ததுன்னு கல்யாணம் பண்ணிண்டவாளும் இருக்கா.)

இன்னிக்குக் கெஞ்சியே கேட்டேன். "ஏன்னா, இப்பவாவது சொல்லுங்கோ. அன்னிக்கு ஞாபகம் இருந்துதா, இல்லையா?"

பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்காம சொன்னார்.

"பாஸ்."