நான் வந்து கூப்பிடுற வரைக்கும்

இது நடந்தது. நடந்தது ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில். மத்தியானம் மூன்று மணிக்கு, வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும்போது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு நடக்காமல் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

நான் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். அப்பா செங்கல் சூளையில் கல் சுமந்தார், அம்மா மண் மிதித்தாள். பத்து வயதுவரை நானும் சுமந்தேன். "பேய் வந்தா வரட்டும், நாலு கல்லைத் தலையில ஏத்தி விட்டா தானா ஓடிரும்" என்பார் அப்பா. அப்படி வளர்ந்தவள் நான். பயந்த சுபாவம் கிடையாது.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. பத்தொன்பது வருஷப் பழக்கம். ஊசி ஏற்றுமுன் நோயாளியின் காதருகே குனிந்து சொல்வேன்.

"பிடிச்ச இடம் ஒண்ணை நினைச்சுக்குங்க. நான் வந்து கூப்பிடுற வரைக்கும் அங்கேயே இருங்க."

பயம் போய்விடும். எந்த இடம் என்று அவர்களே சொல்வார்கள். கடற்கரை, பிறந்த வீடு, சினிமா கொட்டகை. ஒரு பெரியவர், எண்பத்திரண்டு வயது, பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். "நமக்கு ஏதும்மா ஊரு? உன் வீட்டையே நினைச்சுக்கிறேன். காபி போட்டு வை." ஆபரேஷன் தியேட்டரே சிரித்தது.

போன வருஷம் ஒரு மேஸ்திரி வந்தார். டைல்ஸ் பதிக்கிறவர். குடலிறக்க ஆபரேஷன். சின்ன விஷயம், ஒரு மணி நேர வேலை.

"எந்த இடம் அண்ணே?" என்றேன்.

"கடலோரமா ஒரு பெரிய ஓட்டலு, டாக்டரம்மா. மூணாவது மாடி, கடைசி ரூமு. தரை பூரா நான் போட்டது. கோடு போட்ட டைல்ஸு. எல்லாக் கோடும் கடலைப் பாத்து ஓடும். கட்டில் காலுக்குப் பக்கத்துல ஒண்ணை மட்டும் குறுக்க வச்சேன். நான் போட்டதுன்னு எனக்கு ஒரு அடையாளம் வேணாமா? திறப்பு விழாவுக்கு அப்புறம் வாட்ச்மேன் உள்ளயே விடல. அந்தக் கட்டில்ல ஒரு தடவை படுக்கணும்."

"படுத்துக்குங்க. நான் வந்து கூப்பிடுறேன்."

சிரித்துக்கொண்டே தூங்கிப் போனார்.

அடுத்து நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். உடம்பில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க விரலில் ஒரு கிளிப் மாட்டுவோம். சிமெண்ட் தின்ற விரல்கள் அவருடையவை. காய்ப்பும் வெடிப்புமாய் மரக்கட்டை போல இருந்தன. எந்த விரலில் மாட்டினாலும் கிளிப் சரியாகப் படிக்கவில்லை. ஒன்றும் இல்லாததற்கெல்லாம் அலாரம் அடித்தது. நிறுத்தினால் மறுபடி அடித்தது.

"அந்தச் சனியனை நிறுத்துங்க டாக்டர், காது போகுது" என்றார் சர்ஜன்.

நிறுத்தினேன். எல்லா அலாரத்தையும், அடியோடு.

போர்த்திய துணிக்கு அடியில் மூச்சுக் குழாயின் இணைப்பு கழன்றிருந்தது. நான் பார்க்கவில்லை. "ரத்தம் என்ன கறுப்பா வருது?" என்று சர்ஜன் கேட்ட பிறகுதான் பார்த்தேன். இயந்திரத்தின் பதிவில் நேரம் இருக்கிறது. மூன்று பதின்மூன்றிலிருந்து மூன்று பதினேழு வரை. நான்கு நிமிஷம்.

உயிர் தங்கியது. கண் திறக்கவில்லை. 'மருந்து ஒவ்வாமை' என்று எழுதினேன். அலாரத்தை நிறுத்தியதை எழுதவில்லை. பதினோரு மாதம் வார்டில் அப்படியே கிடந்தார். அவர் சம்சாரம் மண் சுமக்கிறவள். வேலையை விட்டுவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டால் எழுந்து நின்று கும்பிடுவாள். அதனால் நான் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

ஆமாம். பதினோரு மாதத்தில் ஒரு முறைகூட நான் அவரைப் போய்க் கூப்பிடவில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை எங்களைப் போன்ற மயக்க மருந்து டாக்டர்களுக்குக் கருத்தரங்கு நடக்கும். கலந்துகொண்டால் புள்ளி தருவார்கள். புள்ளி சேர்ந்தால்தான் டாக்டர் பதிவைப் புதுப்பிக்க முடியும். இந்த முறை கடற்கரை விடுதி ஒன்றில். காலை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை வகுப்பு, மத்தியானம் ஓய்வு. பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடலில் கிடப்பார்கள். முதல் வகுப்பு எடுத்தவர் எங்கள் சீனியர், பட்டப்பெயர் கொட்டாவி சார். மனுஷன் வாயைத் திறந்தால் போதும், மருந்தே வேண்டாம், கூட்டமே தூங்கிவிடும்.

மறுநாள் காலை ஒன்பது பத்துக்கு என் பேச்சு. தலைப்பு, 'எதிர்பாராத மருந்து ஒவ்வாமை: ஓர் அனுபவம்.' மேஸ்திரியின் கதைதான். அதைப் பேசிவிட்டால் பொய் அச்சில் ஏறி உண்மையாகிவிடும். அப்புறம் யாரும் தோண்ட மாட்டார்கள்.

முதல் நாள் மத்தியானம் ரிசப்ஷனில் பையன் கையைப் பிசைந்தான்.

"மேடம், உங்க ரூம்ல குழாய் ஒழுகுது. வேற ரூம் தரோம். மூணாவது மாடி, கடைசி."

எனக்கு அப்போது ஒன்றுமே உறைக்கவில்லை.

"ரெண்டு பேருக்கு டவல் வச்சிருக்கேன் மேடம்."

"நான் ஒருத்திதான்."

கம்ப்யூட்டரைப் பார்த்தான். "ரெண்டுன்னுதான் இருக்கு... சரி விடுங்க."

இரண்டு நாற்பதுக்கு அறைக்குள் போனேன். தடித்த திரை, உள்ளே இருட்டு. ஈரச் சிமெண்ட் வாசம் அடித்தது. எங்கோ பழுது பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். கட்டிலின் இடது பக்கம் விரிப்பு கசங்கி, தலையணை குழிந்திருந்தது. சரியாக விரிக்காமல் போய்விட்டார்கள் என்று திட்டிக்கொண்டே தட்டிவிட்டேன்.

கையில் வெள்ளையாய்ப் பொடி ஒட்டியது.

செருப்பைக் கழற்றக் குனிந்தேன். கோடு போட்ட டைல்ஸ். எல்லாக் கோடும் கடலைப் பார்த்து ஓடின.

கட்டில் காலுக்குப் பக்கத்தில் ஒன்று மட்டும் குறுக்கே இருந்தது.

உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது. சிலிர்த்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன். அவர் போட்ட தரை. அந்த ஓட்டல் இதுதான். இதில் என்ன அதிசயம்? யாரோ போட்ட தரையில்தான் எல்லோரும் நடக்கிறோம். கட்டிலின் வலது பக்கம் படுத்தேன். கண்ணை மூடினேன்.

மூன்று ஐந்து.

டொக்... டொக்... டொக்...

பக்கத்து அறையோ? அந்தப் பக்கம் அறை கிடையாது. கடைசி அறை இது. சுவருக்கு அப்பால் வானம்தான்.

டொக்... டொக்...

கொத்தனார் கரண்டியின் காம்பால் டைல்ஸைத் தட்டும் சத்தம். அடியில் காலியிடம் இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார்களே, அதே சத்தம். வாசலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக்கொண்டு வந்தது. வரிசை தப்பாமல்.

கட்டிலை நோக்கி.

கட்டில் காலருகே நின்றது.

மூன்று பதின்மூன்று.

புஸ்ஸ்... ஷ்ஷ்...

ஏசி என்று நினைத்தேன். பழக்கதோஷம், எண்ணினேன். நிமிஷத்துக்குப் பன்னிரண்டு. மூச்சு இயந்திரத்தில் நான் வைத்த எண்ணிக்கை.

கட்டிலின் இடது பக்கம் மெதுவாக அமுங்கியது.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

ஈரச் சிமெண்ட் வாசம் மூக்கருகே வந்தது...

காதருகே...

"டாக்டரம்மா... எந்திரிக்கட்டுமா?"

அந்த நேரத்தில் என் மனசில் என்ன ஓடியது தெரியுமா? பேய் என்ற பயம் இல்லை. இவர் எழுந்தால் பேசுவார். மயக்கத்திலும் சிலருக்குக் காது கேட்கும். "அந்தச் சத்தத்தை நீங்கதானே நிறுத்தினீங்க" என்பார். நாளைக் காலை ஒன்பது பத்து... என் பதிவு... என் வேலை...

வாய் தானாகச் சொன்னது.

"இருங்க. இன்னும் கொஞ்ச நாள் இருங்க."

அந்த மூச்சுச் சத்தம் நின்றது.

"சரிங்க."

மெத்தை மேலே எழும்பியது.

மூன்று பதினேழு.

செருப்பில்லாமல் ஓடினேன். கீழே ரிசப்ஷன் சோபாவில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. மூன்று முப்பத்தொன்று. மேஸ்திரியின் சம்சாரம். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"டாக்டரம்மா! கண்ணைத் தொறந்தாருங்க! பாதி எந்திரிச்சும் உக்காந்துட்டாரு! நான் கையப் பிடிக்கப் போறேன், யாரோ என்னமோ சொல்றாப்பல ஒரு பக்கமா காதைச் சாய்ச்சாரு. 'சரிங்க'ன்னாரு. திரும்பப் படுத்துக் கண்ணை மூடிட்டாருங்க..."

"எப்போ?"

"நர்ஸம்மா எழுதி வச்சிருக்கு. மூணு பதினேழு."

அன்று இரவு, கூட வந்திருந்த கொட்டாவி சாரின் மனைவியோடு அவர்கள் அறையில் படுத்தேன். சாரைப் பக்கத்து அறைக்குத் துரத்திவிட்டோம். தூங்கவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு மேஸ்திரியின் சம்சாரத்துக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கிளிப், அலாரம், நான்கு நிமிஷம், அந்த அறை, நான் சொன்ன 'இருங்க'. ஒன்றையும் விடவில்லை.

அவள் அழவில்லை.

"எங்க மேஸ்திரி சொன்ன சொல்லு தவற மாட்டாரு," என்றாள். "நீங்க இருக்கச் சொன்னீங்க, இருக்காரு. நாங்க தொண்டை கிழியக் கூப்பிட்டும் வராதது அதனாலதான். நீங்களே போய்க் கூப்பிடுங்க. அவரு வரட்டும். உங்களை என்ன பண்றதுன்னு அப்புறம் பாக்குறேன்."

ஒன்பது பத்துக்கு மேடை ஏறினேன். அச்சடித்த பேச்சை மடித்து வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். அலாரத்தை நிறுத்தியவள் நான், மறைத்தவளும் நான் என்றேன். முந்நூறு பேரும் கேட்டார்கள். கொட்டாவி சார்கூட வாயை மூடியிருந்தார். பன்னிரண்டு மணிக்குள் ஆஸ்பத்திரியிலிருந்து விசாரணைக்கு வரச்சொல்லிவிட்டார்கள்.

மூன்று மணிக்கு அந்த அறைக்குப் போனேன். தனியாக. போனில் அவர் சம்சாரம், அவர் கட்டிலருகே.

மூன்று ஐந்து.

டொக்... டொக்...

மூன்று பதின்மூன்று.

புஸ்ஸ்... ஷ்ஷ்...

மண்டி போட்டேன். குறுக்கே வைத்த டைல்ஸின் மேல் உள்ளங்கையை வைத்தேன்.

சூடாக இருந்தது. ஆள் படுத்த இடம் போல.

"அண்ணே. நான்தான். வந்துட்டேன். எந்திரிங்க. வேலை முடிஞ்சது, வீட்டுக்குப் போலாம்."

சத்தமே இல்லை.

"எந்திரிங்க அண்ணே..."

போனுக்குள் அவர் சம்சாரம் அலறினாள்.

என் கைக்கடியில் டைல்ஸ் சில்லென்று ஆனது.

மேஸ்திரி பிழைத்துவிட்டார். இடது கால் இழுக்கிறது, தடி ஊன்றி நடக்கிறார். அவர் சம்சாரம் என் மேல் வழக்குப் போட்டிருக்கிறாள். போட வேண்டியதுதான். எனக்கு இப்போது வேலை இல்லை. அதுவும் நியாயம்தான். இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மூன்று வாரத்துக்கு முன் மேஸ்திரியைப் பார்க்கப் போனேன். சம்சாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர்தான் பேசினார்.

"அங்க எனக்கு ஒரு குறையும் இல்ல டாக்டரம்மா. ரூமு சொகமா இருந்துச்சு. பேச்சுத்துணைதான் இல்ல. ஒரே ஒரு பெரியவர்தான் ஒரு தடவை கதவைத் தட்டினாரு. பொக்கை வாயி. ஆஸ்பத்திரி பச்சைச் சட்டை. நடந்து நடந்து காலு வீங்கிப்போய் இருந்துச்சு பாவம்."

"என்ன கேட்டார்?"

"உங்க வீட்டுக்கு வழி கேட்டாரு. எனக்கு எங்க தெரியும்? தெரியாதுன்னேன். சரின்னு போய்ட்டாரு."

காபி போட்டு வைக்கச் சொன்ன அந்தப் பெரியவர் ஆறு வருஷத்துக்கு முன் ஆபரேஷன் மேசையிலேயே போய்விட்டார். வயது, பழுதான இதயம். அதில் என் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அவரையும் நான் போய்க் கூப்பிடவில்லை. மேஸ்திரிக்கு எழுந்து வர ஓர் உடம்பு காத்திருந்தது. பெரியவரைக் கூப்பிட்டால் அவர் எதற்குள் எழுந்து வருவார்?

நேற்றுச் சாயங்காலம் வெளியூரிலிருந்து வீடு திரும்பினேன். தெருமுனைக் கடையில் பால் வாங்க நின்றேன். கடைக்காரர் சில்லறை எண்ணிக்கொண்டே சொன்னார்.

"மத்தியானம் ஒரு பெரியவர் உங்களைத் தேடி வந்தாரும்மா. பின்பக்கம் நாடா கட்டின பச்சைச் சட்டை. காலில செருப்புகூட இல்ல. டாக்டரம்மா காபி போட்டு வைக்கிறதாச் சொல்லியிருக்காங்கன்னாரு. உங்க வீட்டைக் காட்டி விட்டேன்."

சில்லறையை என் கையில் வைத்தார்.

"வந்தாரா?"