கம்பளிக்கு இடமில்லாத அறை

"கம்பளிச் சட்டைய வெளிய மாட்டிட்டு வா, நர்ஸம்மா. ஒரு இழை உள்ள வந்தாலும் படத்துல மரம் மாதிரி நிக்கும்."

நோர்வேயின் ஜனவரிக் குளிரில், மெல்லிய உள்சட்டையோடு ஓட்வாரின் நிலவறைக்குள் போகிறேன். அவன் நிமிர்வதில்லை. பருத்தி உறை போட்ட விரல்களால் பழைய ஃபிலிம் ஸ்லைடின் ஓரத்தைப் பிடித்து, ரப்பர் குமிழை அமுக்கி இருபுறமும் காற்றடித்து, விளக்கொளியில் சாய்த்துப் பார்த்த பிறகே ஸ்கேனருக்குள் விடுவான். வாயால் ஊதினால் பிடிக்காது. "எச்சி தெறிக்கும். நோயாளியோட புண்ணுல நீ ஊதுவியா?" பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன். ஊரார் வீட்டு ஈஸ்டர் விடுமுறைப் படங்களெல்லாம் அவன் கை பட்டவை.

அன்று, நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் கிழவி போர்கில்டையும் அழைத்துப் போயிருந்தேன். அவளுக்குப் பார்வை மங்குகிறது. முதியோர் இல்லத்தில் கிடைக்கப்போவது ஒரே அலமாரி. ஸ்கேன் ஆனதும் ஸ்லைடுகளை எறிந்துவிடச் சொல்லியிருந்தாள். ஒரே ஒரு படத்தைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும். ஈஸ்டரில் பனியில் சறுக்கிப் போய் மலையிலிருந்து திரும்பாத தம்பி ஐவின்டின் கடைசிப் படம். வெள்ளைச் சரிவில் கடுகளவு கறுப்பு. அதுதான் ஐவின்ட்.

ஓட்வார் படத்தைப் போட்டான். "பாரு, ஒரு பொட்டுத் தூசி கிடையாது."

போர்கில்ட் திரையில் மூக்கு உரசத் தேடினாள். "மலை இருக்கு. தம்பி எங்க?"

நானும் குனிந்து தேடினேன். அந்தக் கடுகளவு கறுப்பைக் காணோம்.

ஓட்வார் ஸ்கேனர் பக்கம் திரும்பிப் பார்த்தான். "மெஷினே தூசிய அழிக்கற வசதி... இந்தப் பழைய ஃபிலிமுக்கு அத அணைச்சு வைக்கணும். ஆளையும் தூசின்னு அழிச்சிடும். தெரியும் எனக்கு. மறந்துட்டேன்."

"ஸ்லைடு?" என்றேன்.

"குப்பைப் பையில. வாசல்ல."

"அப்ப ஏன் நிக்கிற?"

பையைத் தூக்கி வந்து, துடைத்துத் துடைத்து வைத்திருந்த தரையிலேயே கவிழ்த்தான். காபித் தூள், மீன்தோல், ஸ்லைடுகள். உறை போடாத கையால் துழாவி எடுத்தான். காற்றடிக்கவில்லை. வசதியை அணைத்துவிட்டு அப்படியே உள்ளே விட்டான்.

திரை முழுக்கப் புள்ளிகள், மயிர், கைரேகை. சரிவின் நடுவே ஒரு புள்ளிக்கு மட்டும் கீழே இரண்டு மெல்லிய கோடுகள்: பனிச்சறுக்குக் கட்டைகள்.

"இருக்கான்" என்றாள் போர்கில்ட். பிறகுதான் அவளுக்கு உடம்பு உதறத் தொடங்கியது. "கிறுக்கா, இந்த ஐஸ் பொட்டிக்குள்ள மனுஷங்கள எப்படி உக்கார வைக்கிற?"

ஓட்வார் படியேறிப் போனான். வெளியே மாட்டியிருந்த அவளுடைய கம்பளிச் சட்டையை, இழை இழையாய் உதிர்வதை எடுத்து வந்து, ஸ்கேனருக்குப் பக்கத்திலேயே நின்று அவள் தோளில் போர்த்தினான்.