கதவைக் கண்டால் மூக்கைப் பிடிப்பவர்

பெங்களூர் சிவாஜிநகரில் ஒரு மாட்டுக்கறிக் கடை வாசலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் ஆம்ப்ரோஸ். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரண்டு பக்கமும் இறுக்கி, வாயை மூடிக்கொண்டு, மூச்சை உள்ளே இழுக்கப் பார்க்கிறார். மூச்சு வரவில்லை. அதில் அவருக்குத் திருப்தி. உள்ளே கத்தியோடு நிற்கும் பாய்க்குத் திருப்தி இல்லை. என் கடை அவ்வளவு நாறுகிறதா என்று அவர் உருதுவில் கேட்ட கேள்விக்குப் பக்கத்துக் கடைக்காரரும் எட்டிப் பார்க்கிறார். ஆம்ப்ரோஸ் பதறிப்போய், நெஞ்சில் கை வைத்து, "சாரி பாய், சாரி, உங்க கடைய சொல்லல பாய்" என்று குழைந்துவிட்டு, வாங்க நினைக்காத கறியை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்.

அந்தக் கறியில் பாதி என் வீட்டுக்கு வந்தது. காக்ஸ் டவுனில் அவரும் நானும் ஒரே சுவரின் இரு பக்கம் குடியிருக்கிறோம். அவருடைய மகள் நிக்கோலுக்கு நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் அவருக்கு நான் 'மிஸ்'. நிக்கோல் இப்போது புனேயில் வேலை பார்க்கிறாள். அவர் மனைவி மௌரீன் உயிரோடு இல்லை. ஆம்ப்ரோஸ் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து ஞாயிறு பூசைக்குப் போகும் கறுப்பு ஷூவுக்குப் பாலிஷ் போடுவார். அந்த ஷூவில் ஒரு மடிப்பு விழ விடமாட்டார். குனிய வேண்டியிருந்தாலும் ஷூ மடியாமல் எப்படிக் குனிவது என்று யோசித்துக் குனிகிற ஆள்.

ஒரு ஃபிரிட்ஜ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஊரில் யாருக்கு எந்த ஃபிரிட்ஜ் ஓடாவிட்டாலும் திட்டு வாங்குவது அவர் பொறுப்பு. எந்த ஃபிரிட்ஜையும் அவர் செய்யவில்லை, விற்கவில்லை, கெடுக்கவுமில்லை. ஆனாலும் மன்னிப்புக் கேட்பது அவர்தான். பேசிய அழைப்பை மேலே ஒருவர் உட்கார்ந்து கேட்பார். அதில் 'சாரி' இல்லையென்றால் மார்க் குறையும். "மீன் கெட்டுப்போன கோபத்துல பேசறாங்க மிஸ், நாம அத தப்பா எடுத்துக்கக் கூடாது" என்பார். இருபது வருடமாக எதையுமே தப்பாக எடுத்துக்கொள்ளாமல், அந்தச் சொல் அவர் நாக்கிலேயே குடியேறிவிட்டது. ஆட்டோக்காரன் வந்து இவர் காலில் ஏற்றினால் இவர் சாரி சொல்வார். பஸ்ஸில் எவனோ இவரை இடித்தாலும் இவர்தான் சாரி சொல்வார். பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூக்கு விஷயத்துக்கு வருகிறேன். கனவு காணும்போதே 'இது கனவு' என்று தெரிந்துகொண்டு, அதற்குள் தன் இஷ்டப்படி நடந்துகொள்ள ஆம்ப்ரோஸ் பழகிக்கொண்டிருக்கிறார். போனில் எதையோ தேடப் போய் இதைப் பிடித்துக்கொண்டார். வழி சுலபம்தான். பகலில் அடிக்கடி மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு இழுத்துப் பார்க்க வேண்டும். விழித்திருந்தால் மூச்சு வராது. கனவாக இருந்தால், பிடித்த மூக்கு வழியாகவே மூச்சு வந்துவிடும். பகலில் செய்து செய்து பழகிய கை ஒரு நாள் கனவிலும் தானாக மூக்குக்குப் போகும், அப்போது குட்டு வெளிப்பட்டுவிடும். கனவில் திரும்பத் திரும்ப என்ன வருகிறதோ அதைப் பகலில் பார்க்கும்போதெல்லாம் இதைச் செய்ய வேண்டுமாம். ஆம்ப்ரோஸின் கனவில் வருவது ஒரு கதவு.

கதவில்லாத இடம் ஊரில் ஏது? பஸ் கதவில் ஏறும்போது மூக்கைப் பிடிப்பார், கண்டக்டர் தன் சட்டையை முகர்ந்து பார்ப்பார். லிஃப்ட் கதவு திறந்தால் மூக்கைப் பிடிப்பார், உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்ப்பார்கள். ஆபீஸ் நண்பர் லாயிட் புது வீடு கட்டி மந்திரிக்கக் குருவானவரை அழைத்திருந்த நாளில், வாசலில் காலை வைத்ததும் மூக்கைப் பிடித்தார். உள்ளே அடுப்பில் லாயிட் மனைவி விடிகாலையிலிருந்து பக்குவம் பார்த்துச் செய்த பன்றிக்கறி விந்தாலு. அவள் இன்றுவரை இவரோடு பேசுவதில்லை. கோயிலில் இரண்டொருவர் இது பிசாசு வேலை என்று தீர்த்தம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதற்கும் நன்றி சொல்லி, சிரமம் கொடுத்ததற்கு சாரியும் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்தக் கதவு எது என்று சொன்னால் உங்களுக்கும் சிரிப்பு நின்றுவிடும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை, மௌரீனுக்குத் தாடை வலித்தது, பிறகு இடது கை, பிறகு வியர்வை. பக்கத்திலிருக்கும் தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நர்ஸ் பார்த்தாள், வெறும் கேஸ், வாய்வு என்றாள், வராண்டாவில் இரும்பு நாற்காலியில் உட்காரச் சொன்னாள். டாக்டர் டிபன் சாப்பிடுகிறார். மௌரீனின் முகம் மாறுவதைப் பார்த்துவிட்டு ஆம்ப்ரோஸ் போய் டாக்டர் அறைக் கதவைத் தட்டித் திறந்தார். டாக்டர் இட்லியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, பார்த்தார். "சாரி டாக்டர், டிஸ்டர்ப் பண்ணிட்டேன்" என்று இவர் வெளியே வந்தார். விட்டால் தானாகவே வேகமாய் வந்து சாத்திக்கொள்ளும் கதவு அது. சத்தம் கேட்கக் கூடாதென்று கையால் பிடித்து மெதுவாக மூடினார். திரும்பினால் மௌரீன் நாற்காலியிலிருந்து சரிந்துகொண்டிருந்தாள்.

அவள் வாந்தி எடுத்த தரையைத் துடைக்க வந்த பெண்ணிடமும் இவர் சாரி சொன்னார். செய்தி கேட்டு ஓடிப்போன நான் அப்போது பக்கத்தில் இருந்தேன், என் காதால் கேட்டேன். அந்த ஆஸ்பத்திரியில் அன்றைக்கு மன்னிப்புக் கேட்டவர் ஒரே ஒருவர்தான், அது ஆம்ப்ரோஸ். மற்றவர்கள் பில்லை நீட்டினார்கள்.

புகார் கொடுங்கள், நான் எழுதித் தருகிறேன் என்று அடக்கம் முடிந்த வாரமே சொன்னேன். அவர் தலையசைத்தார். "என்னா சொல்லுவாங்கன்னு எனக்கு தெரியும் மிஸ். நான் ஆபீஸ்ல படிக்கிற அதே லைன எனக்கு படிச்சு காட்டுவாங்க. எனக்கு அது மனப்பாடம்." இப்படிப்பட்ட மனிதரை என்ன செய்வது? பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கனவு தொடங்கியது. அதே வராண்டா, அதே நாற்காலி, அதே கதவு. ஒவ்வொரு முறையும் இவர் கை கதவைப் பிடித்து மெதுவாக மூடும். வியர்த்து எழுந்து உட்கார்வார். கனவை நிறுத்த வழி தேடாமல், கனவுக்குள் விழிக்க வழி தேடினார். கனவில் டாக்டரைத் திட்டி என்ன ஆகப்போகிறது, போன மௌரீன் திரும்பி வரப்போகிறாளா என்று நான் எரிந்து விழுந்தேன். "திட்ட வேணாம் மிஸ்" என்றார். "ஒரே ஒரு தடவ அந்தக் கதவ மூடாம இருந்தா போதும்."

நடுவில் சந்தானம் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். கம்மனஹள்ளியில் ஒரு மாடியில் பாய் விரித்து, உடலை விட்டு வெளியேறக் கற்றுக்கொடுக்கிறார். வெள்ளை ஜிப்பா, மூலையில் ஸ்பீக்கர், அதில் கடல் சத்தம். பெங்களூரில் கடலைக் கேட்கவும் கட்டணம்தான். உடம்பைக் கீழே விட்டுவிட்டு மேலே மிதந்து, மனைவி இருக்கும் இடம் போய், அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்று ஆம்ப்ரோஸுக்கு வழி சொன்னார். கோபம் பாரம், பாரம் இருந்தால் உயிர் எழும்பாது என்றும் உபதேசம். கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் ஏசி அறையில் இட்லி தின்றுகொண்டிருக்க, இந்த மனிதர் செத்தவளைத் தேடிப் போயும் சாரி சொல்ல வேண்டுமாம்.

ஆம்ப்ரோஸ் சில வாரம் போனார். பாயில் மல்லாந்து, உடம்பு லேசாகிறது, கால் எழும்புகிறது என்று நினைத்த நேரத்தில் நிஜமாகவே கால் எழும்பி, பக்கத்துப் பாயில் அரைவாசி வெளியேறியிருந்த ஒருவரின் விலாவில் உதைத்துவிட்டது. என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். பிறகு தானாகவே நின்றுவிட்டார். "எனக்கு வெளிய போக வேணாம் மிஸ். உள்ளதான் போகணும், அந்த வராண்டாவுக்கு" என்றார். அந்த ஒரு நாள் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

ஒரு தடவை பலித்தது. கனவில் கதவைப் பார்த்தார், கை மூக்குக்குப் போனது, பிடித்த மூக்கு வழியாக மூச்சு வந்தது. கனவுதான் என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில் விழித்துக்கொண்டார். அடுத்த முறை பலித்தபோது விழிக்கவில்லை. காலையில் என் சமையலறையில் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னார். "கனவுன்னு எனக்கு நல்லா தெரியும் மிஸ். மூக்க பிடிச்சா மூச்சு ஜில்லுன்னு வருது. கதவ தொறந்தேன். டாக்டர் பாத்தாரு. சாரி சொல்லிட்டு மூடிட்டேன்." காபி ஆறிப்போயிற்று. தூக்கத்தில்கூட அந்தச் சொல்லைத் துப்பித் தொலைக்க முடியாதபடி ஒரு மனிதரைப் பழக்கி வைத்திருக்கிறார்களே, அவர்களை மனதாரத் திட்டினேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த எனக்கு வலது அடிவயிற்றில் ஆரம்பித்தது. முதலில் சுருக்கென்றது, பிறகு நிற்க முடியவில்லை. சுவரைத் தட்டினேன். ஆம்ப்ரோஸ் பூசைச் சட்டையும் ஷூவுமாக ஓடி வந்தார். ஆட்டோவில் ஏறியதும் அந்த ஆஸ்பத்திரி வேண்டாம் என்றேன். மேம்பாலத்தடியில் ரோட்டைத் தோண்டிப்போட்டு வண்டிகள் அசையாமல் நின்றன. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆட்டோ திரும்பி, கிட்டே இருக்கும் ஒரே ஆஸ்பத்திரிக்குப் போனது.

அதே வராண்டா. நர்ஸ் மட்டும் புதியவள். என் வயிற்றைத் துணிக்கு மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "கேஸ் இருக்கும் மேடம். ஸ்வல்ப உக்காருங்க, டாக்டர் சாப்பாட்டுல இருக்கார்" என்றாள். இரும்பு நாற்காலியில் மடங்கி உட்கார்ந்தேன். வலியைவிட எனக்குப் பயம் வேறொன்றில் இருந்தது. என் உயிர் இப்போது ஆம்ப்ரோஸின் நாக்கில் இருந்தது. உலகத்தில் யார் நாக்கில் வேண்டுமானாலும் இருக்கலாம், இவர் நாக்கிலா இருக்க வேண்டும் என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அவர் டாக்டர் அறைக் கதவுக்கு முன்னால் நின்றார். கை மேலே போனது. மூக்கைப் பிடித்தார். நான் சாகக் கிடக்கிறேன், இவர் ஒத்திகை பார்க்கிறார். முகம் சிவக்கும் வரை பிடித்திருந்துவிட்டு விட்டார். மறுபடி பிடித்தார். இப்போதுதான் ஃபினாயில் போட்டுத் துடைத்தார்கள், வாசனை போய்விடும் சார் என்று நர்ஸ் சமாதானம் சொன்னாள். ஆம்ப்ரோஸ் அவளைப் பார்க்கவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மூச்சு வரல, மிஸ்."

உங்களுக்கா சார் மூச்சு வரவில்லை என்று நர்ஸ் எழுந்துகொண்டாள். அதற்குள் அவர் கதவைத் தள்ளித் திறந்துவிட்டார். உள்ளே இளவயசு டாக்டர் ஒருவர், கையில் ஸ்பூனோடு நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் பார்த்தார். ஆம்ப்ரோஸின் உதடு பிரிந்தது. 'சா' என்ற ஒலிக்கு அந்த வாய் எப்படித் திறக்கும் என்று எனக்குத் தெரியும், அப்படியே திறந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எதுவும் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது ஆம்ப்ரோஸ் தோளால் கதவைத் தாங்கியபடி குனிந்திருந்தார். லேஸை அவிழ்த்து, வலது கால் ஷூவைக் கழற்றி, பாலிஷ் பளபளக்க அதைக் கதவுக்கு அடியில் நுழைத்து, குதிகாலால் ஓங்கி மிதித்து இறுக்கினார். கதவு தானாகச் சாத்திக்கொள்ள வந்தது, ஷூ நடுவில் மடிந்தது, கதவு நின்றது. ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாக அவர் நிமிர்ந்து, டாக்டரைப் பார்த்துக்கொண்டே, கையை நீட்டி என் நாற்காலியைக் காட்டினார்.