முதுகு மட்டுமா சொத்து?

பத்தாங்காஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் எர்னிங் மக்சினோவுக்கு ரூபென் என்று ஒரு மகன், ஜோவெலின் என்று ஒரு மகள். ஒரு வயதுதான் வித்தியாசம், ஒரே வகுப்பு. கணக்கில் புலி அண்ணன் ரூபென்தான்.

ஒருமுறை ரூபென் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கினான். பார்த்து எழுதியிருப்பான் என்று முடிவுகட்டிய ஆசிரியர் அவனைக் கடைசி பெஞ்சுக்கு விரட்டினார். "மூட்டைக்காரன் பிள்ளைக்கு முதுகுதான்டா சொத்து. மூளைய வச்சு என்ன பண்ணப் போற?"

வகுப்பே சிரித்தது. ரூபெனும் சேர்ந்து சிரித்தான். ஜோவெலினுக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஆசிரியர் சொன்னதை அவன் நம்பிவிட்டான். மறு வருடமே படிப்பை விட்டு அப்பாவோடு துறைமுகத்துக்குப் போனான்.

பள்ளி முடிந்ததும், கப்பல் அதிகாரிக்குப் படிக்கப்போவதாக ஜோவெலின் சொன்னபோது அம்மா லூர்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கப்பலா? பொம்பளப் புள்ளடி நீ! துணிக்கடையில நின்னாப் போதாதா? ஆசைக்கும் ஒரு அளவு வேணும்."

"அந்த அளவ யாரும்மா வச்சது?"

முதல் நுழைவுத்தேர்வில் தோற்றாள். 'கேப்டன் அம்மா வர்றாங்க, வழி விடுங்க' என்று தெருவே கேலி செய்தது. மூட்டை தூக்கிவிட்டு வந்த கையோடு ரூபென்தான் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். மறுமுறை தேறினாள். இன்று சரக்குக் கப்பலில் மூன்றாம் அதிகாரி.

போன மாதம் பழைய பள்ளிக்கூடம் அவளை விழாவுக்கு அழைத்தது. ரூபெனும் வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றான்.

"வறுமை ஒரு தடையே இல்ல. உழைச்சா யாரும் உயரலாம். அதுக்கு இவங்களே சாட்சி!" என்றார் தலைமையாசிரியர்.

ஜோவெலின் ஒலிபெருக்கியை வாங்கினாள். "நான் அதுக்குச் சாட்சி இல்ல, சார். என்னைவிடக் கெட்டிக்காரன் எங்கண்ணன். என்னைவிட உழைச்சவன். அவன் இன்னைக்கும் மூட்டை தூக்குறான். உனக்கு இவ்வளவுதான்னு இதே பள்ளிக்கூடத்துல சொன்னாங்க, அவன் நம்பிட்டான். எனக்குக் கோபம் வந்துச்சு. அவ்வளவுதான் வித்தியாசம். கோபம் வராத பிள்ளைங்கள என்ன பண்ணப் போறீங்க?"

யாரும் கைதட்டவில்லை. தலைமையாசிரியர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பின்வரிசையில் ஒரு மீன்காரம்மா மட்டும், "கேளுடி, நல்லாக் கேளு!" என்று கத்தினாள்.

வெளியே வந்ததும் ரூபென் சீறினான். "என்னை எதுக்குடி சந்திக்கு இழுத்த? நாளைக்குத் துறைமுகமே சிரிக்கும்."

"உன்னைப் பாத்துச் சிரிக்க இதுல என்ன இருக்கு? வெக்கப்பட வேண்டியது அவங்க."

அவன் விறுவிறுவென்று முன்னால் நடந்து வீடு வந்தான். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த தன் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டபிறகு சொன்னான்: "இவளுக்கு ஜூன்ல பள்ளிக்கூடம். நானே கூட்டிட்டுப் போறேன். இவளப் பாத்து எவனாச்சும் ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் இருக்கு."