டிரம்மு என்கிற எபனேசர்

பெரியப்பா, எங்கள் அப்பாவின் பெயரை நீங்கள் வேண்டுமென்றே மறைக்கிறீர்கள். இது இரண்டாவது முறை.

நம் குடும்ப வரலாற்றுப் புத்தகத்துக்காக வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட பக்கத்தைப் பார்த்தேன். அப்பா வெறும் எபனேசர். 'டிரம்மு' என்பதையும் சேருங்கள் என்று கேட்டேன். பட்டப்பெயர்கள் புத்தகத்துக்கு வேண்டாம் என்று பதில் போட்டீர்கள். ஆனால் உங்கள் பெயருக்குக் கீழே, 'ஆபீஸ் ராஜா என்று ஊராரால் அன்புடன் அழைக்கப்படுபவர்' என்று இருக்கிறது. எந்த ஊரார் என்று தெரியவில்லை.

முதல் முறை நடந்தபோது எனக்கு ஒன்பது வயது.

ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் அப்பா டிரம் ஓட்டினார். தோலையும் மருந்துத் தண்ணீரையும் போட்டு உருட்டும் பெரிய மரப் பீப்பாய் அது. அங்கே வேலைக்குச் சேர்கிற எவனுக்கும் முதல் வாரத்திலேயே ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். ஞானஸ்நானப் பெயர் சர்ச் வாசலோடு சரி. ரோட்டில் எபனேசர் என்று கூப்பிட்டால் அப்பாவே திரும்ப மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நெஞ்சு வலியில் போய்விட்டார். மறுநாள் காலை ஊருக்குத் தகவல் சொல்ல மைக் கட்டிய ஆட்டோ வந்தது. எல்லா வீட்டிலும் கேட்பதைத்தான் ஆட்டோக்காரர் கேட்டார்.

"சார், கூப்புட்ற பேரு இன்னா? அத்தச் சொன்னாதான் ஜனம் வரும்."

நான் முந்திக்கொண்டு "டிரம்மு" என்றேன்.

"ஏய், சும்மா இரு பாப்பா" என்றீர்கள். பிறகு அவரிடம், "அதெல்லாம் வாணாம்பா. எழுதிக் குடுத்தத மட்டும் படி."

உங்கள் மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தி வீட்டார் வேலூரிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி லெதர் கம்பெனியில் சூப்பர்வைசர் என்று அவர்களிடம் நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது.

ஆட்டோ தொழிற்சாலை வாசல் வழியாகவும் போனது. அங்கிருந்து ஒருவர் கூட வரவில்லை. பெட்டியைத் தூக்க ஆள் பற்றவில்லை.

சில நாள் கழித்து, அப்பாவோடு வேலை பார்த்த பாய் ஒருவர் வாசலில் சைக்கிளை நிறுத்திக் கத்தினார். "டேய் டிரம்மு! பள்ளிகொண்டால மாமியார் வூட்லயே செட்டிலாய்ட்டியா? மேஸ்திரி பேஜார் பண்றான், வாடா!"

அம்மா வெளியே வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் பாயின் சிரிப்பு நின்றுவிட்டது.

"மைக்ல சொன்னது இவன் பேராம்மா? எவனோ எபனேசர்னு நெனச்சிக்கினு தோல ஏத்திக்கினு இருந்தனேம்மா! என் தோஸ்த்த நான் தூக்காம யாரு தூக்கினாங்க?"

தெருவிலேயே உட்கார்ந்து அழுதார். இப்படி அழுகிறவர் அன்றைக்கு வந்திருக்கலாமே என்று எனக்கு அவர்மேல்தான் கோபம். அப்பாவை வேலையிடத்தில் யாருக்கும் பிடிக்காது என்று முடிவு கட்டிக்கொண்டேன். பல வருடம் அப்படியே நம்பினேன். ஆட்டோக்காரர் கேட்ட கேள்வியையும் நீங்கள் சொன்ன பதிலையும் பாயின் அழுகையோடு சேர்த்துப் பார்க்க அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

துக்கத்தில் யோசிக்காமல் சொல்லியிருப்பீர்கள் என்று இத்தனை நாள் விட்டுவைத்தேன். இப்போது துக்கமும் இல்லை, அவசரமும் இல்லை. இருந்தும் அதே பதில்தான் வருகிறது.

குடும்பக் கூடுகையில் புத்தகத்தை வெளியிடப் போகிறீர்களாம். எனக்குத் தனியாகப் போன் செய்து சமாதானம் சொல்ல வேண்டாம். அங்கே எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்லுங்கள். அன்றைக்கு யார் வந்துவிடக் கூடாது என்று அந்தப் பெயரைச் சொல்ல விடாமல் தடுத்தீர்கள்?